சுரபுன்னையும் அதன் கலப்பினங்களும்: சிங்கப்பூர்ச் சதுப்புநிலக் காட்டில் அடையாளம் காண்பது எப்படி?

பாசிர் ரிஸ் பூங்காவின் மரப்பலகைப் பாதையில் நடந்தாலும் சரி, சுங்கை பூலோவில் நடந்தாலும் சரி, புதிதாகப் பார்ப்பவருக்கு இரு பக்கமும் ஒரே மரம்தான். சேற்றில் வளைந்து ஊன்றிய வேர்கள், தோல் போன்ற தடித்த பச்சை இலைகள், கிளையிலிருந்து முருங்கைக்காய் போலத் தொங்கும் நீண்ட காய்கள். உண்மையில் அங்கே இரண்டு மூன்று பேரினங்களும் அவற்றின் பல சிற்றினங்களும் கலந்து நிற்கின்றன. அந்தச் சிற்றினங்கள் தமக்குள் கூடிப் பிறந்த கலப்பினங்களும் இடையிடையே நிற்கலாம். முதலில் பெற்றோர் மரங்களைச் சரியாகப் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். அது கைவராமல் கலப்பினத்தைத் தேடினால் காண்பதெல்லாம் கலப்பினமாகவே தெரியும். ஆர்வலர்கள் அனுப்பும் "அரிய கலப்பினம்" படங்களில் பெரும்பாலானவை நிழலில் வளர்ந்த சாதாரண மரங்கள்தான்.

முதல் கேள்வி: எதிரில் நிற்பது சுரபுன்னைதானா? சுரபுன்னை என்பது பிச்சாவரத்துக்காரர்கள் ரைசோபோரா பேரினத்துக்குச் சொல்லும் பெயர். இங்கே மலாய்க்காரர்கள் பாக்காவ் என்பார்கள். தண்டிலிருந்து வில்லாக வளைந்து சேற்றில் இறங்கும் முட்டு வேர்கள் முதல் அடையாளம். ஆனால் வேரை மட்டும் நம்பவேண்டாம், இலையையும் பாருங்கள். சுரபுன்னை இலையின் நுனியில் ஊசி போன்ற சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். முதிர்ந்த இலையில் அது ஒடிந்திருக்கலாம், ஆகவே இளைய இலையில் தேடவேண்டும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். பக்கத்திலேயே வளரும் புருகியரா என்ற இன்னொரு பேரினத்தின் இலையில் இந்த முள்ளும் இல்லை, புள்ளிகளும் இல்லை. அதன் வேர்கள் மடக்கிய முழங்காலைப் போலச் சேற்றுக்கு மேலே எழும்பி மறுபடி உள்ளே போகும். மூன்றாவது பேரினமான செரியாப்ஸின் இலை நுனி உருண்டையாக இருக்கும். இந்த மூன்றையும் பிரிக்க ஒரு நிமிடம் போதும்.

சிங்கப்பூரில் இயற்கையாக வளரும் சுரபுன்னைச் சிற்றினங்கள் மூன்று. ரைசோபோரா அபிகுலாட்டாவை மலாயில் பாக்காவ் மிஞாக் என்பார்கள். ம்யூக்ரோனாட்டா பாக்காவ் குராப். குராப் என்றால் படர்தாமரை, அதன் சொரசொரப்பான பட்டையை நினைத்து வைத்த பெயர். ஸ்டைலோசா பாக்காவ் பாசிர், அதாவது மணல் பாக்காவ்.

மூன்றையும் பிரிப்பது பூ. இலையின் அளவும் பட்டையின் நிறமும் துணைச் சாட்சிகள்தான்.

அபிகுலாட்டாவில் பூக்கள் இரண்டிரண்டாகவே வரும். கொத்தின் காம்பு குட்டையாக, தடித்து, பழுப்பாக இருக்கும். நீளம் பெரும்பாலும் ஒன்றரை செ.மீட்டருக்குள் அடங்கிவிடும். பூக்களுக்குக் காம்பே இல்லை என்று சொல்லலாம், இரண்டும் அந்தத் தடித்த காம்பின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பூவின் அடியில் உள்ள கிண்ணம் போன்ற செதில் தக்கை மாதிரி பழுப்பாகிச் சொரசொரத்திருக்கும். இன்னொன்று: மலர்ந்த பூக்கள் இலைகளுக்கு இடையில் இருக்காது. இலை உதிர்ந்த வெற்றுக் கிளைப்பகுதியில், இலைக்கொத்துக்குக் கீழே இருக்கும். இதைப் பாதையில் நின்றபடியே பார்த்துவிடலாம், பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. கிளை நுனியில் குருத்தை மூடியிருக்கும் இலையடிச்செதில் பெரும்பாலும் சிவந்திருக்கும்.

ம்யூக்ரோனாட்டாவிலும் ஸ்டைலோசாவிலும் காம்பு மெலிந்து நீண்டிருக்கும், சுமார் இரண்டரை முதல் ஐந்து செ.மீ. வரை. அது கிளைத்துக் கிளைத்துப் பல பூக்களைத் தாங்கும். பூக்கள் இலைக்கணுக்களிலேயே, பச்சை இலைகளுக்கு நடுவில் தொங்கும். இலையடிச்செதில் பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ. ம்யூக்ரோனாட்டாவின் இலை மூன்றிலும் அகலமானது. அதன் முளைநாற்று, அதாவது மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் காய், அரை மீட்டரைத் தாண்டியும் நீளும். அபிகுலாட்டாவின் முளைநாற்று பெரும்பாலும் ஓர் அடிக்கு உள்ளேயே நின்றுவிடும்.

இப்போது ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பறிக்கவேண்டாம். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதியில்லாமல் செடிகொடிகளைப் பறிப்பது சட்டப்படி குற்றம், தேசியப் பூங்காக் கழகம் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. காலையில் பலகையின் மேல் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். சுரபுன்னைப் பூவில் தடித்த புல்லி இதழ் நான்கு, அவற்றுக்கு இடையில் மெல்லிய வெள்ளை அல்லி இதழ் நான்கு. வெள்ளை இதழ்கள் மலர்ந்த சில நாட்களிலேயே உதிர்ந்துவிடும், புல்லி இதழ்கள் நிலைத்து நிற்கும். எனவே நான்கு மஞ்சள் இதழ்கள் கொண்ட பூ என்று நினைத்துப் பார்ப்பது பலநேரம் புல்லி இதழ்கள் மட்டுமே மிஞ்சிய பழைய பூ. அதை வைத்து முடிவுக்கு வரமுடியாது. மலரப்போகும் மொட்டு, அல்லது அன்று மலர்ந்த பூ வேண்டும்.

பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் வெள்ளை இதழின் விளிம்பைப் பாருங்கள். அபிகுலாட்டாவில் மொழுமொழுவென்று இருக்கும், ஒரு மயிரும் இருக்காது. மற்ற இரண்டிலும் விளிம்பு முழுக்கப் பஞ்சு போல வெண்மயிர். சிலந்தி நூலும் காய்ந்த மகரந்தமும் மயிர் மாதிரி ஏமாற்றும். ஊதிப் பார்த்தால் அவை நகரும், மயிர் நகராது. பிறகு மகரந்தத்தாள்களை எண்ணவேண்டும். ம்யூக்ரோனாட்டாவிலும் ஸ்டைலோசாவிலும் எட்டு. அபிகுலாட்டாவில் பெரும்பாலும் பன்னிரண்டு, ஆனால் ஒன்பது முதல் பதினைந்து வரை போகும். மலர்ந்த பூவில் சில தாள்கள் ஏற்கெனவே விழுந்திருக்கும், குறைவாக எண்ணிவிடுவோம். எனவே உதிர்ந்த முதிர்மொட்டு கிடைத்தால் அதையே பிரித்து, வெள்ளை அட்டைமேல் தட்டி, ஒவ்வொன்றாக விலக்கி எண்ணுங்கள். ஒரு மரத்துக்கு ஐந்து மொட்டாவது எண்ணவேண்டும்.

ம்யூக்ரோனாட்டாவையும் ஸ்டைலோசாவையும் பிரிக்க மிஞ்சுவது சூலகத் தண்டு. பூவின் நடுவில் ஊசியாக நிற்கும் பகுதி அது. ஸ்டைலோசா என்ற பெயரே அதிலிருந்து வந்தது. ஸ்டைலோசாவில் அது 4 முதல் 6 மி.மீ., ம்யூக்ரோனாட்டாவில் ஒன்றரை மி.மீட்டருக்குள். கேட்க எளிதாக இருக்கும் இந்த அளவில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். காரணம், ம்யூக்ரோனாட்டாவின் சூலகம் கூம்பாக 2, 3 மி.மீ. மேலே எழும்பி நிற்கும். அளப்பவர் பூவின் தளத்திலிருந்து அளவுகோலை வைத்து, கூம்பையும் சேர்த்து "4 மி.மீ." என்று குறித்துவிடுகிறார். உடனே அது ஸ்டைலோசா ஆகிவிடுகிறது, அல்லது கலப்பினம் ஆகிவிடுகிறது. கூம்பு எங்கே முடிந்து மெல்லிய ஊசி எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து அளக்கவேண்டும். நுனி ஒடிந்த பூவைத் தள்ளிவிடுங்கள். ஆரோக்கியமான நுனி இரண்டாகப் பிளந்திருக்கும், அந்தப் பிளவு தெரிந்தால் முழு நீளம் இருக்கிறது என்று பொருள்.

இலையை ஏன் நம்பக்கூடாது? ஒரே மரத்தில் வெயில் படும் உச்சி இலைக்கும் நிழலில் தொங்கும் கீழ்க்கிளை இலைக்கும் அளவு வெகுவாக மாறும். வெட்டிய கிளையிலிருந்து துளிர்த்த இலைகளும், இரண்டு மூன்று அடிக் கன்றின் இலைகளும் தனிக்கணக்கு. நிழலில் வளர்ந்த அபிகுலாட்டா அகன்ற இலையோடு நின்றால் "ம்யூக்ரோனாட்டா கலந்திருக்கிறது" என்று தோன்றும். இலையை அளப்பதானால் வெயில்படும் கிளையில், நுனியிலிருந்து மூன்றாவது இணை இலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இலைகளை, கிளையிலிருந்து பிரிக்காமலேயே அளந்து சராசரி பாருங்கள். ஓர் இலை கணக்கில்லை.

இனிக் கலப்பினம். ஒரு சிற்றினத்தின் மகரந்தம் நெருங்கிய உறவுள்ள இன்னொன்றின் பூவில் விழுந்து விதை உண்டானால் பிறப்பது கலப்பினம். தாவரவியலில் அதற்குத் தனிப்பெயர் கொடுத்தால் பேரினத்துக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் பெருக்கல் குறி போடுவார்கள். அபிகுலாட்டாவும் ஸ்டைலோசாவும் கூடினால் ரைசோபோரா × லமார்க்கி. அபிகுலாட்டாவும் ம்யூக்ரோனாட்டாவும் கூடினால் ரைசோபோரா × அண்ணாமலையானா. இரண்டாவது பெயரைப் படித்ததும் தமிழருக்குப் பொறிதட்டும். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில் கண்டு, 1990களில் விவரித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்த மரம் இது. முதலில் புதுச் சிற்றினம் என்றே அறிவித்தார்கள். பிறகு மரபணுச் சோதனையில் பார்த்தபோது இரண்டு சுரபுன்னைகளுக்கும் பிறந்த கலப்பினம் என்று தெரிந்தது. துறைசார்ந்தவர்களையே ஏமாற்றிய மரம் என்பதை நினைவில் வைத்தால் நம் அவசரம் கொஞ்சம் குறையும். இரண்டு கலப்பினங்களும் தென்கிழக்காசியக் கடற்கரைகளில் பரவலாகக் கண்டறியப்பட்டவை, மலேசியத் தீபகற்பத்திலும் மரபணுச் சோதனையில் உறுதியானவை.

சந்தேகப்பட என்ன வேண்டும்? "நடுவாந்தரமாக இருக்கிறது" என்பது போதாது. சிற்றினங்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு, எல்லா மரமும் ஏதோ ஒரு வகையில் நடுவாந்தரம்தான். தேடவேண்டியது முரண்பாடு, அதாவது ஒரே மரத்தில் சேர்ந்திருக்கக்கூடாத இரண்டு குணங்கள். எடுத்துக்காட்டாக, காம்பு குட்டையாகத் தடித்து இரண்டு பூக்கள், ஆனால் இதழ் விளிம்பில் ஆங்காங்கே மயிர். அபிகுலாட்டாவில் மயிர் இருக்கவே கூடாது என்பதால் இது வலுவான சந்தேகம். அல்லது கொத்தில் சில இடத்தில் இரண்டு பூ, சில இடத்தில் நான்கு. மகரந்தத்தாள் பூவுக்குப் பூ மாறி, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அலைவது. பூக்கும் இடம் இலைக்கொத்தின் கடைசி இலைகளுக்கும் வெற்றுக்கிளையின் தொடக்கத்துக்கும் நடுவில் அமைவது. ஒன்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று சேர்ந்தால் மரத்துக்கு எண் போட்டுத் திரும்ப வாருங்கள்.

எந்தக் கலப்பினம் என்பதற்கு மறுபடி சூலகத் தண்டு. அது 2, 3 மி.மீ. என்று நீண்டு நின்றால் ஸ்டைலோசாவின் இரத்தம், லமார்க்கியின் பக்கம் சாயலாம். குட்டையாகவும், வெயிலில் உள்ள இலைகளே அகன்றும் இருந்தால் அண்ணாமலையானாவின் பக்கம்.

இன்னொரு தடயம் காய்ப்பு. அபிகுலாட்டா கலந்த இந்த இரண்டு கலப்பினங்களும் பெரும்பாலும் மலட்டு மரங்கள். செழித்து வளர்ந்து, பக்கத்து மரங்களைவிட உயர்ந்து, கொத்துக்கொத்தாகப் பூத்து, முளைநாற்று மட்டும் இல்லாமல் நிற்கும். ஆனால் "காய் இல்லை, எனவே கலப்பினம்" என்று தலைகீழாகப் படிக்கக்கூடாது. நல்ல அபிகுலாட்டாவிலும் பெரும்பாலான பூக்கள் காயாகாமல் உதிரும். பூவிலிருந்து முளைநாற்று முதிர்ந்து விழப் பல மாதங்கள் ஆகும், நீங்கள் போன நேரம் விழுந்து முடிந்திருக்கலாம். ஒரே மரத்தை ஓராண்டில் நான்கைந்து முறையாவது பார்த்து, பக்கத்து மரங்கள் காய்த்தபோதும் அது காய்க்கவில்லை என்றால்தான் அந்தத் தடயத்துக்கு மதிப்பு.

பெற்றோர் இருவரும் அருகில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் சந்தேகம் வலுப்படும், ஆனால் இல்லாததால் மறுத்துவிட முடியாது. முளைநாற்றுகள் கடல்நீரில் மிதந்து வெகுதூரம் போகும். சீரமைப்புப் பணிகளில் மனிதர்களே கொண்டுவந்து நடுவதும் உண்டு. வரிசையாக, ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில் நிற்கும் மரங்களைக் கண்டால் நட்டவை என்று குறித்துவிடுங்கள்.

ம்யூக்ரோனாட்டாவும் ஸ்டைலோசாவும் தமக்குள் கூடுவது வேறு கதை. இரண்டும் மிக நெருங்கிய உறவு. அவற்றுக்குப் பிறப்பவை மறுபடி பெற்றோரோடு கூடி, எல்லையே மங்கிவிடுவதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஐரோப்பாவின் எல்ம் மரங்களில் இதே தலைவலி உண்டு. போன்சாய் தொட்டியில் இங்கே விற்கும் சீன எல்முக்கு அவை உறவுதான். அங்கே விட்ச் எல்மின் தட்டையான சிறகுக் காயில் விதை நடுவில் இருக்கும், ஃபீல்டு எல்மில் மேல்நுனிப் பிளவை ஒட்டி இருக்கும். இரண்டும் கூடிப் பிறந்தவற்றில் இரண்டுக்கும் நடுவே எங்கோ கிடக்கும். அந்தக் கலப்பினங்கள் விதை தருபவை, திரும்பத் திரும்பக் கலப்பவை, அதனால் ஒரு வேலியோரத்தில் நிற்கும் பத்து மரங்களும் பத்து விதம். அடிமரத்துத் துளிரின் இலையைப் பார்த்து எல்மை அடையாளம் சொல்லாதே என்பது அங்கும் முதல் பாடம். நம்மூரில் 2 முதல் 4 மி.மீ. சூலகத் தண்டோடு, எட்டு மகரந்தத்தாளோடு, மயிரடர்ந்த இதழோடு ஒரு மரம் நின்றால் "ம்யூக்ரோனாட்டா–ஸ்டைலோசா, பிரிக்க முடியவில்லை" என்று எழுதுவதே சரி. அப்படி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புருகியராவிலும் ஒரு கலப்பினம் உண்டு, சிங்கப்பூருக்கு அது முக்கியமானது. புருகியரா × ஹைனேசியை வெகுகாலம் தனிச் சிற்றினம் என்றே கருதினார்கள். உலகத்திலேயே சில நூறு மரங்கள்கூட இல்லை என்று, அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலில் சேர்த்தார்கள். 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அது சிலிண்ட்ரிக்கா, ஜிம்னோரைசா என்ற இரண்டு புருகியராச் சிற்றினங்களுக்கும் பிறந்த கலப்பினம் என்று காட்டியது. பாசிர் ரிஸ் உட்பட இங்கே சில இடங்களில் மட்டும் அது நிற்கிறது.

இதன் பெற்றோர் பொருத்தத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஜிம்னோரைசாவின் பூ பெரியது, தனித்துத் தொங்குவது, சிவந்த புல்லி வட்டம் கொண்டது, தேன்சிட்டு வந்து குடிப்பது. சிலிண்ட்ரிக்காவின் பூ சிறியது, வெளிர்பச்சை, மும்மூன்றாக வருவது, பூச்சிகளை நம்புவது. இரண்டுமே மகரந்தத்தை இதழுக்குள் இறுக்கி மடித்து வைத்திருக்கும். இதழின் அடிப்பக்கத்தைத் தொட்டால் பட்டென்று வெடித்து மகரந்தம் சிதறும். பாதையோரத்தில் எட்டும் உயரத்தில் மலர்ந்த பூ இருந்தால் புல்நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், முகத்தைச் சற்றே தள்ளி வைத்துக்கொண்டு.

இவற்றைப் பிரிக்கத் தலையை நிமிர்த்தவே வேண்டாம், பலகைமேல் உதிர்ந்த புல்லி வட்டங்களைப் பாருங்கள். சிவப்பாக, 10 முதல் 14 கூரிய பிரிவுகளோடு இருந்தால் ஜிம்னோரைசா. சின்னதாக, 8 பிரிவுகளோடு இருந்தால் சிலிண்ட்ரிக்கா. அதன் முளைநாற்றின் தலையில் அந்தப் பிரிவுகள் பின்னோக்கி மடிந்திருக்கும். வெளிர்மஞ்சள் கலந்த பச்சையில், சிலிண்ட்ரிக்காவைவிடப் பெரிதாக, சுமார் 10 பிரிவுகளோடு இருந்தால் மேலே பாருங்கள். பூக்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்திருந்தால் ஹைனேசியாக இருக்கலாம். தனித்தனியாக இருந்தால் அது செக்ஸாங்குலா என்ற இன்னொரு புருகியரா, அதற்கும் மஞ்சள் புல்லி வட்டம் உண்டு. இந்த ஒரு குணத்தை விட்டுவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கிளம்பும் முன் கடல்மட்ட அட்டவணையைப் பாருங்கள். வேரும் சேற்றில் விழுந்த பூவும் தெரிய நீர் வற்றிய நேரம் வேண்டும். கிளையை நெருங்கிப் பார்க்க மட்டும் என்றால் எந்த நேரமும் சரி. பாதையை விட்டு இறங்கவேண்டாம். மூச்சுவேர்கள் மிதிபட்டு ஒடியும், சுங்கை பூலோவில் முதலையும் உண்டு. பையில் பத்து மடங்கு பூதக்கண்ணாடி, 15 செ.மீ. அளவுகோல், வெள்ளை அட்டை, பென்சில், கொசு எண்ணெய் போதும். உயரக் கிளைகளுக்கு இருவிழித் தொலைநோக்கி இருந்தால் நல்லது.

படம் எடுப்பதில் ஒழுங்கு வேண்டும். முழு மரம், பட்டை, இலையும் பூக்கொத்தும் ஒன்றாகத் தெரியும் கிளை, பூவின் முகம், பூவின் பக்கவாட்டு அளவுகோலோடு, இலையின் அடிப்பக்கம், இருந்தால் முளைநாற்று. கிளைப்படம்தான் பலர் விட்டுவிடுவது. பூ இலைக்கு நடுவிலா கீழேயா என்பது அதில் மட்டுமே தெரியும், நெருக்கப் படத்தில் தெரியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் வேரையும் இலையையும் பார்த்துப் பேரினத்தைச் சரியாகச் சொல்லிவிடும். சிற்றினம் சொல்லும்போது ஊகிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், கலப்பினத்துக்கு அதை நம்பவேண்டாம்.

உறுதிசெய்வது ஆய்வுக்கூடத்தில்தான். பெற்றோர் இருவரின் மரபணு அடையாளமும் ஒரே மரத்தில் சேர்ந்து தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் மரபணு பெரும்பாலும் தாயிடமிருந்து வருவதால், எந்தச் சிற்றினம் தாய் என்பதும் தெரிந்துவிடும். மகரந்தத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், மலட்டு மரத்தில் நிறையத் துகள்கள் சுருங்கிச் சாயம் ஏறாமல் கிடக்கும். இவற்றுக்கெல்லாம் மாதிரி எடுக்க அனுமதி வேண்டும். மாணவர்கள் ஆசிரியர் வழியாகத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

அதுவரை குறிப்பேட்டில் பெயரை மட்டும் எழுதாமல், கண்டதை எழுதுங்கள். "பாசிர் ரிஸ், பலகைப்பாதை, இரண்டாவது வளைவு, இடப்பக்கம். கொத்துக்கு 2–4 பூ. காம்பு 1.8 செ.மீ. இதழில் மயிர் கொஞ்சம். தாள் 9, 11, 10, 12, 9. தண்டு 2.5 மி.மீ. முளைநாற்று இல்லை. லமார்க்கியோ?" அந்தக் கேள்விக்குறியை அழிக்காதீர்கள். இப்படி ஒரு குறிப்பு இருந்தால் அடுத்து வருபவர் அதே மரத்தின் முன் நின்று, விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம்.